வீட்டுக் கணினிக்கு எந்தச் சுருக்கு மென்பொருள்? வின்ரார் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறது

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. வன்தட்டு. வாங்கியபோதே கடைக்காரர் வின்ராரைப் போட்டுக் கொடுத்தார். எதைத் திறந்தாலும் 'சோதனைக் காலம் முடிந்துவிட்டது, உரிமம் வாங்குங்கள்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. என் அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும், "பணம் கேட்கிறதே, கொடுக்க வேண்டாமா?" என்கிறார்.

இப்போது வன்தட்டு நிரம்பும் நிலை. உள்ளே இருப்பவை: குடும்பப் புகைப்படங்கள், கைப்பேசியில் எடுத்த காணொளிகள், அப்பாவின் பத்திரம், பட்டா ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகள், மனைவி டியூஷனுக்காகத் தட்டச்சு செய்த தமிழ் வினாத்தாள்கள். எல்லாவற்றையும் சுருக்கி வெளி வன்தட்டு ஒன்றில் போட வேண்டும். பத்திரங்களை மட்டும் டொராண்டோவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும். அவளிடம் இருப்பது மேக்.

வின்ராருக்குப் பணம் கட்டலாமா? இலவசமாக வேறு நல்லது உண்டா? எது அதிகமாகச் சுருக்கும்?

நெய்தல்நிலவன் எழுதியது:

7-ஜிப். இலவசம், விளம்பரம் இல்லை, எந்தப் பெட்டியும் வராது. இழையை மூடிவிடலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதற்குள் மூட வேண்டாம். எது அதிகமாகச் சுருக்கும் என்று கேட்கிறார். எதைச் சுருக்கப் போகிறார் என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

வைகைக்கரை ஐயா, உங்கள் பட்டியலில் இடத்தை அடைப்பவை புகைப்படங்களும் காணொளிகளும்தான். கைப்பேசி எடுக்கும் ஜேபெக் படம், கேமராவை விட்டு வரும்போதே சுருக்கப்பட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்து, மிச்சத்தை ஹஃப்மன் முறையில் குறியிட்டுத்தான் சேமிக்கிறது. எம்.பி.4 காணொளியும், எம்.பி.3 பாட்டும் இதே கதைதான். முறுக்கிப் பிழிந்த வேட்டியை மறுபடி பிழிந்தால் எத்தனை சொட்டு வரும்? 7-ஜிப்பாக இருந்தாலும் வின்ராராக இருந்தாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தால் அதிகம். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்புக்குள்ளும் பெரும்பாலும் ஜேபெக் படமே இருக்கிறது.

வேர்டின் 'டாக்எக்ஸ்' கோப்பு தானே ஒரு ஜிப். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் இருப்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள் இருக்கும். எக்செல் கோப்பும், இபப் மின்னூலும், ஆண்ட்ராய்டு செயலிப் பொதியும் அப்படியே.

நன்றாகச் சுருங்குபவை வெறும் உரைக் கோப்புகள், பழைய 'டாக்' கோப்புகள், பி.எம்.பி. படங்கள், சுருக்காமல் சேமித்த டிஃப் ஸ்கேன்கள். அதிலும் தமிழ் உரைக்கு ஒரு தனி யோகம் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. 'தமிழ்' என்று எழுதினால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள், ஆக 15 பைட்டு. அந்த மூன்றில் முதல் பைட்டு எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டுக்கு இரண்டே வாய்ப்புகள். திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துத்தான் சுருக்கு நிரல்கள் பிழைக்கின்றன. தமிழ் உரை அவற்றுக்கு விருந்து.

இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், மென்பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு இன்னொரு வன்தட்டு வாங்குங்கள். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டி எடுத்துப்போக வேண்டும், பூட்டிட்டு அனுப்ப வேண்டும் என்றால் மேலே பேசலாம்.

பழைய அச்சகம் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் வின்ராரை ஒரே வரியில் ஒதுக்கிவிட்ட நெய்தல்நிலவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்தவன். 1.44 எம்.பி. பிளாப்பியில் மலர்களின் பக்கங்களைத் துண்டு துண்டாக ஆர்ஜே நிரலில் வெட்டி எடுத்துப்போன காலத்திலிருந்து இந்த வேலையைப் பார்க்கிறேன். ஏழாவது பிளாப்பி படிக்காமல் போனால் முந்தைய ஆறும் வீண். அந்தக் கஷ்டம் பட்டவர்களுக்குத்தான் வின்ரார் உருவாக்கும் ரார் கோப்பு எதற்கு என்பது புரியும். ரஷ்யரான யூஜின் ரோஷல் 1993-இல் செய்த வடிவம் அது. 'ரோஷல் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கமே ரார்.

அதில் மீட்புப் பதிவு என்று ஒன்று உண்டு. சுருக்கும்போது அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், கோப்போடு நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு மேலதிகத் தகவலும் சேர்ந்துகொள்ளும். பின்னால் வன்தட்டில் சில பகுதிகள் கெட்டுப்போனாலும் அந்தப் பதிவை வைத்துக் கோப்பைச் சரிசெய்துகொள்ளலாம். 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில் இப்படி ஒன்று கிடையாது. அதுமட்டுமல்ல, 7இசட் பல கோப்புகளை ஒரே தொடராக எண்ணிச் சுருக்குகிறது. அதனால்தான் நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் அந்தத் தொடரில் இருப்பவை எல்லாம் போய்விடலாம்.

பத்து வருடம் பீரோவில் கிடக்கப்போகும் வன்தட்டு என்றால் என் ஓட்டு ராருக்கே.

வலைக்காவல் எழுதியது:

பழைய அச்சகம் ஐயா சொல்லும் மீட்புப் பதிவு நல்ல வசதிதான், மறுக்கவில்லை. எனக்குக் கவலை வேறு. கடைக்காரர் போட்டுக் கொடுத்த வின்ரார் எந்தப் பதிப்பு? வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டார்கள். ஏஸ் என்ற பழைய வடிவத்தைத் திறக்கும் துணைநிரலில் ஏறத்தாழ 19 வருடங்களாக அது இருந்திருக்கிறது. பெயரை ரார் என்று மாற்றிய ஏஸ் கோப்பை நீங்கள் விரித்தால், நீங்கள் சொன்ன கோப்புறையில் மட்டுமல்லாமல், கணினி தொடங்கும்போது ஓடும் நிரல்களுக்கான கோப்புறையிலும் ஒன்றைப் போட்டுவிட முடியும். அந்தத் துணைநிரலின் மூலநிரல் வின்ரார் குழுவிடமே இல்லை. ஆகவே 5.70 பதிப்பில் ஏஸ் ஆதரவையே வெட்டி எறிந்தார்கள்.

2023-இல் இன்னொன்று வந்தது. படத்தைத் திறப்பதாக நினைத்துச் சொடுக்கினால் வேறு நிரல் ஓடும். 6.23-இல் அடைத்தார்கள். 2025-இல் மறுபடியும் ஒன்று, 7.13-இல் அடைத்தார்கள். மூன்றையும் தாக்குபவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

7-ஜிப் ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் இடும் அடையாளம், உள்ளே இருந்து விரிக்கும் கோப்புகளுக்குப் போய்ச் சேராத குறை அதிலும் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். அதுவும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. எதை வைத்திருந்தாலும் அவ்வப்போது தளத்துக்குப் போய்ப் புதிய பதிப்பை எடுத்து நிறுவ வேண்டியது உங்கள் வேலை.

வைகைக்கரை எழுதியது:

உதவிப் பட்டியலில் பார்த்தேன். 5.40 என்று இருக்கிறது.

வலைக்காவல் எழுதியது:

அப்படியானால் நான் சொன்ன மூன்று ஓட்டைகளும் உங்கள் கணினியில் திறந்தே இருக்கின்றன. வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்றே புதிய பதிப்பை நிறுவுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள். 'முழுப் பதிப்பு இலவசம்' என்று உடைத்த உரிமத்தோடு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்த கதைகள் நிறைய.

7-ஜிப்பைத் தேடும்போதும் கவனம் வேண்டும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். உண்மையான தளத்தின் பெயரில் ஏழுக்கும் ஜிப்புக்கும் நடுவில் சிறுகோடு இருக்கும், முடிவில் 'ஆர்க்' இருக்கும், 'காம்' அல்ல.

நெய்தல்நிலவன் எழுதியது:

> என் ஓட்டு ராருக்கே

ஐயா, ஓட்டுப் போடுவது இருக்கட்டும், உரிமத்துக்குப் பணம் கட்டினீர்களா? வின்ராரைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பழைய அச்சகம் எழுதியது:

இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கும் வாங்கினேன், வீட்டுக்கும் வாங்கினேன். 40 நாள் சோதனை என்று உரிம ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் நிரல் ஓடுகிறது என்பது அவர்களின் பெருந்தன்மை, நமக்குக் கொடுத்த அனுமதி அல்ல. வைகைக்கரையின் தாயார் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே நேர்மையான கேள்வி.

பனிமலை எழுதியது:

தாயாருக்குப் பதில்: பணம் கொடுக்க மனம் இல்லையென்றால், பணம் கேட்காத நிரலுக்கு மாறுவதுதான் முறை. ஈகோர் பவ்லோவ் 1999-இலிருந்து 7-ஜிப்பைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெரும்பகுதி எல்.ஜி.பி.எல். என்ற திறந்த மூலநிரல் உரிமத்தில் இருக்கிறது, வீட்டிலும் அலுவலகத்திலும் கட்டணம் இல்லை. ராரைத் திறக்கும் பகுதிக்கு மட்டும் தனி நிபந்தனை: அந்த மூலநிரலை வைத்து ரார் கோப்பை உருவாக்கும் நிரல் எழுதக் கூடாது. 7-ஜிப் ராரைத் திறக்கும், உருவாக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

மூலநிரல் திறந்திருந்தால் ஆபத்தே இல்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகம் நடுங்கியது ஒரு சுருக்கு நிரலால்தான். எக்ஸ்.இசட். என்ற அந்தத் திட்டத்தில் நம்பிக்கை சம்பாதித்து உள்ளே வந்த ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தார். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலை உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று குடைந்ததில் அகப்பட்டது. அரை நொடியைப் பொருட்படுத்திய மனிதர்! எக்ஸ்.இசட். போலவே 7-ஜிப்பும் எல்.இசட்.எம்.ஏ. குடும்பத்துச் சுருக்கு முறையைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் நிரல் வேறு. அந்தப் பின்வாசலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

குறிஞ்சி எழுதியது:

இவ்வளவு எதற்கு? விண்டோஸிலேயே ஜிப் இருக்கிறது. வலது பொத்தானைச் சொடுக்கினால் முடிந்தது. என் விண்டோஸ் 11 இப்போது ராரையும் 7இசட்டையும்கூடத் தானே திறக்கிறது. நான் எதையுமே நிறுவவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குறிஞ்சி, அது 2023 இறுதியில் விண்டோஸ் 11-க்கு வந்த வசதி. வைகைக்கரையிடம் இருப்பது 10. அதில் ஜிப் மட்டும்தான். அதுவும் கடவுச்சொல் இட்டு ஜிப் உருவாக்க முடியாது. பத்திரத்தை அனுப்ப வேண்டியவருக்கு அது போதாது.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சுருக்கு மென்பொருளைவிட அது பெரிய கேள்வி. தனி இழை தொடங்குங்கள்.

மருதாணி எழுதியது:

மேக் பயன்படுத்துகிறேன், தங்கைக்காகச் சொல்கிறேன். கடவுச்சொல் இல்லாத ஜிப் என்றால் இரட்டைச் சொடுக்கில் திறந்துவிடும். ரார் அனுப்பினால் அவர் எரிச்சலடைந்து உங்களுக்குத்தான் தொலைபேசியில் அழைப்பார். கடவுச்சொல் இட்டது, 7இசட் இரண்டுக்கும் கேக்கா என்ற நிரலை நிறுவச் சொல்லுங்கள். அதன் தளத்திலிருந்து எடுத்தால் இலவசம், ஆப்பிள் கடையில் விலை உண்டு.

அவர் திருப்பி அனுப்பும் ஜிப்பில் 'மேகோஎஸ்எக்ஸ்' என்று ஒரு கூடுதல் கோப்புறை இருக்கும். பார்த்துப் பதற வேண்டாம், வைரஸ் அல்ல, அழித்துவிடலாம்.

தட்டச்சுமணி எழுதியது:

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவரா நீங்கள்? 'பாட்டி வீட்டுப் பத்திரம்' என்று பெயர் வைத்து அனுப்பினால் மறுமுனையில் கட்டங்களும் கோணல் எழுத்துகளுமாகப் போய் நிற்பதுண்டு. ஜிப் வடிவத்தை ஃபில் காட்ஸ் 1989-இல் வெளியிட்டபோது பெயர்களுக்கு அந்தக் காலத்து டாஸ் எழுத்துக் குறிமுறைதான். பெயர் யு.டி.எஃப்.-8 முறையில் இருக்கிறது என்று சொல்லும் அடையாளம் 2006 வாக்கில்தான் சேர்ந்தது. விண்டோஸ் 7 வரை, கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்புளோரர் தமிழ்ப் பெயரைக் கண்டால் 'இந்த எழுத்துகளைச் சேர்க்க முடியாது' என்று சுருக்கவே மறுத்துவிடும்.

இப்போதைய 7-ஜிப் தமிழ்ப் பெயர்களைத் தானாகவே யு.டி.எஃப்.-8 முறையில் எழுதிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் கோப்பு சேர்க்கும் சாளரத்தில் அளவுருக்களுக்கான பெட்டி ஒன்று இருக்கும். அதில் சி, யு என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சிறியவையாக எழுதி, சமக்குறி இட்டு, 'ஆன்' என்று சேருங்கள்.

மனைவியின் பழைய வினாத்தாள்கள் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே உள்ளே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்துக் கோப்பு பத்திரமாகத் திறக்கும், ஒரு வரியும் படிக்க வராது.

வைகைக்கரை எழுதியது:

எழுத்துரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. 7-ஜிப்பை நிறுவிவிட்டேன். அமைப்பில் மொழியைத் தமிழ் என்று மாற்ற முடிகிறது, அம்மாவுக்கு மகிழ்ச்சி. புகைப்படக் கோப்புறை கணக்குப்பிள்ளை சொன்னபடி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வினாத்தாள்களில் பழைய 'டாக்' கோப்புகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன.

இரண்டு சந்தேகங்கள். 'மிக உச்சம்' என்ற நிலையில் வைத்தால் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. பத்திரங்களுக்குக் கடவுச்சொல் இட்டால் உண்மையிலேயே பாதுகாப்பா?

பனிமலை எழுதியது:

உறைவதற்குக் காரணம் ரேம். உச்ச நிலைகளில் 7-ஜிப், முன்பு வந்ததை நினைவில் வைக்கும் 'அகராதி'யைப் பெரிதாக வைத்துக்கொண்டு தேடும். அகராதி அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல்கூட நினைவகம் கேட்கும். அதே சாளரத்தில், சுருக்க இவ்வளவு, விரிக்க இவ்வளவு நினைவகம் தேவை என்று கீழே காட்டும், பாருங்கள். 4 ஜி.பி. கணினியில் 'இயல்பு' நிலையே போதும். உச்சத்தில் வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் மிச்சம் சொற்பம், காத்திருப்புதான் அதிகம். படங்களையும் காணொளிகளையும் ஒன்றாகக் கட்டுவதற்கு மட்டும் என்றால் 'சேமிக்க மட்டும்' என்ற நிலையை எடுங்கள். சுருக்காமல் அடுக்கும், நொடியில் முடியும். வெறும் உரைக் கோப்புகள் நிறைய இருந்தால் முறை என்ற இடத்தில் பி.பி.எம்.டி. என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், உரைக்கு அது கெட்டிக்கார முறை.

வலைக்காவல் எழுதியது:

கடவுச்சொல்லுக்கு வருகிறேன். ஜிப்பில் இரண்டு வகைப் பூட்டு உண்டு. பழைய ஜிப்கிரிப்டோ பூட்டை, உள்ளே இருப்பதில் கொஞ்சம் தெரிந்தாலே உடைக்கலாம் என்று எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் முதலில் நிற்பது அந்தப் பழைய பூட்டுதான்! ஏ.இ.எஸ். 256 என்ற வலுவான பூட்டுக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு விண்டோஸ் 10-இன் எக்ஸ்புளோரர் அதைத் திறக்காது; 7-ஜிப்போ கேக்காவோ வேண்டும்.

ஜிப்பில் உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும் கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். 'கீழத்தெரு மனைப் பத்திரம்' என்ற பெயரே ஒருவனுக்குப் போதும். 7இசட் வடிவத்தில் 'கோப்புப் பெயர்களையும் மறை' என்ற கட்டம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டும் எப்போதும் ஏ.இ.எஸ். 256 தான். ஒவ்வொரு கடவுச்சொல்லையும் சோதிக்க 5,24,288 சுற்றுக் கணக்குப் போட வைக்கிறது. ஊகித்துப் பார்ப்பவனுக்குப் பொறுமை கெடும். அதற்காக மகள் பெயரும் பிறந்த வருடமும் வைத்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பாதீர்கள், தங்கையிடம் தொலைபேசியில் சொல்லுங்கள்.

குறிஞ்சி எழுதியது:

மறந்துவிட்டால்?

வலைக்காவல் எழுதியது:

போனது போனதுதான். இணையத்தில் 'மீட்டுத் தருகிறோம்' என்பவர்கள் ஊகித்துப் பார்ப்பவர்களே. மூலப் பத்திரம் இருக்கும் பீரோவிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பத்திரத்தையே அங்கே வைத்திருக்கிறீர்கள், கடவுச்சொல்லுக்கு என்ன கூச்சம்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

வெளி வன்தட்டுக்கு மாற்றிய பிறகு, மூலத்தை அழிப்பதற்கு முன் ஒரு வேலை. 7-ஜிப் சாளரத்தில் 'சோதி' பொத்தான் இருக்கிறது. வெளி வன்தட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிரதியின் மீது அதை ஓட்டுங்கள், கணினியில் இருப்பதன் மீது அல்ல. ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டு ஒப்பிட்டுச் சொல்லும்.

வன்தட்டு எஃப்.ஏ.டி.32 என்ற பழைய கோப்பு அமைப்பு முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும், அதனால் காலியாக இருக்கும்போதே செய்யுங்கள்.

பழைய அச்சகம் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்: மீட்புப் பதிவைவிட இரண்டாவது வன்தட்டில் இரண்டாவது பிரதி என்பதே என் கட்சி. வன்தட்டு கீழே விழுந்து தலைப்பகுதி உடைந்தால் நூற்றுக்கு மூன்று பங்கு என்ன செய்யும்? புகைப்படங்களைச் சுருக்காமல் அப்படியே கோப்புறையாக நகலெடுங்கள். ஒன்று கெட்டால் ஒரு படத்தோடு போகும்.

பழைய அச்சகம் எழுதியது:

கோபம் இல்லை. இரண்டு பிரதி என்பதற்கு நானும் கை தூக்குகிறேன். 7இசட் கோப்புக்கே மீட்புத் தகவல் வேண்டும் என்பவர்கள் மல்டிபார் என்ற இலவச நிரலில் பார்-2 கோப்புகளைத் தனியாக உருவாக்கிப் பக்கத்தில் வைக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

பத்திரங்கள் 7இசட்டில் போய்விட்டன, தங்கை கேக்காவில் திறந்துவிட்டாள். வினாத்தாள்களை ஜிப்பாகவும், படங்களை அப்படியேயும் வைக்கிறேன். இன்னொரு வன்தட்டுக்கு அடுத்த மாதம்தான் வழி. கடைசியாக ஒன்று: வின்ராரை நீக்கிவிட்டால் என்னிடம் இருக்கும் பழைய ரார் கோப்புகள் என்ன ஆகும்?

பழைய அச்சகம் எழுதியது:

7-ஜிப்பே திறக்கும், புதிய ரார்5 வகையையும் திறக்கும். ஏதாவது ஒன்று பிழை காட்டினால் மட்டும் அழித்துவிடாதீர்கள். உருவாக்கியவர் மீட்புப் பதிவு வைத்திருக்கக் கூடும். அதைப் பயன்படுத்திப் பழுதுபார்க்கும் வேலை 7-ஜிப்புக்குத் தெரியாது. புதிய வின்ராரை நிறுவி, கருவிகள் பட்டியலில் 'பழுதுபார்' என்பதை ஓட்டிப் பாருங்கள். 40 நாள் சோதனைக் காலம் அதற்குத் தாராளம், தாயாரிடமும் சொல்லிவிடுங்கள்.